ஆர்தர் பிரவுன்: தலையில் தீயோடு பாடியவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால், 'அந்த நெருப்புத் தொப்பிக்காரர்' என்று யாராவது தொடங்குவார்கள். பிறகு திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள்தான் வரும். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் காட்டியிருக்கிறோம்.

1. ஆர்தர் பிரவுன்னா யாருங்க? சுருக்கமா சொல்லுங்க.

ஆங்கிலேயப் பாடகர். 1942 ஜூன் 24 அன்று யார்க்ஷயரின் கடலோர ஊரான விட்பியில் பிறந்தார். 'தி கிரேஸி வேர்ல்ட் ஆஃப் ஆர்தர் பிரவுன்' என்ற குழுவின் முன்னணிப் பாடகர். 1968இல் வெளிவந்த 'ஃபயர்' என்ற சிங்கிள் (தனிப்பாடல் இசைத்தட்டு) பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. முகத்தில் கறுப்பு வெள்ளைச் சாயம், நீண்ட அங்கி, தலையில் எரியும் கவசம், இவற்றோடு தொலைக்காட்சியில் அவர் ஆடிப் பாடிய காட்சியைத்தான் பெரும்பாலானோர் பார்த்திருப்பார்கள்.

அந்த ஒரு காட்சியே அவருடைய மொத்த வாழ்க்கையையும் மறைத்துவிட்டது. கிடார் இல்லாத ராக் குழு, டிரம்ஸுக்குப் பதில் முழுக்க இயந்திரத்தையே நம்பிய ஆல்பம் என்று அவர் செய்தவை பல. நெருப்பு அதில் ஒரு பகுதி மட்டுமே.

2. ஃபயர் பாட்டுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தார்? திடீர்னு வந்தாரா?

திடீரென்று வரவில்லை. லீட்ஸ் நகரின் ரவுண்டே கிராமர் ஸ்கூலில் படித்தார். லண்டன், ரெடிங் பல்கலைக்கழகங்களில் சட்டமும் தத்துவமும் பயின்றார். முதல் இசைக்குழு ரெடிங்கில்தான் உருவானது.

1966இல் பாரிஸ் போனார். அங்கே இரவு விடுதிகளில் பாடிக்கொண்டே, பாட்டை நாடகம்போல நடித்துக் காட்டும் பாணியை வளர்த்துக்கொண்டார். இயக்குநர் ரோஜே வடிமின் 'லா க்யூரே' படத்துக்காக இரண்டு பாடல்களையும் பதிவு செய்தார். லண்டன் திரும்பியதும் சில காலம் ஒரு சோல் (அமெரிக்கக் கறுப்பினப் பாடல் பாணி) குழுவோடு பாடினார். அவர் விலகிய பிறகு அந்தக் குழு 'தி ஃபவுண்டேஷன்ஸ்' என்று பெயர் மாற்றி, 1967லேயே பெரிய ஹிட் கொடுத்தது. அவருடைய குரலில் அமெரிக்கக் கறுப்பின இசையின் சாயல் தூக்கலாக இருப்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

3. கிரேஸி வேர்ல்ட் குழுவுல கிடார் வாசிச்சது யாரு? எங்க தேடியும் பேர் கிடைக்கல.

கிடைக்காது. கிடார்காரரே கிடையாது. ஹெண்ட்ரிக்ஸ், கிளாப்டன் போன்ற கிடார் கலைஞர்கள் கொடிகட்டிப் பறந்த 1967இல் இது பெரிய துணிச்சல்.

கிடார் நிற்க வேண்டிய இடத்தில் வின்சென்ட் கிரேனின் ஹாமண்ட் ஆர்கன் (மின்சார விசைப்பலகை வாத்தியம்) நின்றது. கிரேன் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். டிரம்ஸில் டிராகன் தீக்கர். மேடையில் பேஸ் கிடாரும் இல்லை. ஆர்கனின் அடியில் இருக்கும் கால் பெடல்களை மிதித்து அந்தக் கீழ்ச்சுரங்களையும் கிரேனே வாசித்தார். ஆல்பம் பதிவுக்கு மட்டும் நிக் கிரீன்வுட் பேஸ் கிடாரோடு வந்தார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வசதி உண்டு. கிடாரின் இரைச்சல் பாடகரின் உச்சக் குரல் ஒலிக்கும் அதே உயரத்தில்தான் மோதும். ஆர்கனில் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கீழே நிறைத்து வாசிக்கலாம். பிரவுனின் அலறல் அத்தனை தெளிவாகக் காதில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இடைஞ்சலும் உண்டு: குழுவின் மொத்த இசையும் ஒரே மனிதரின் இரண்டு கைகளிலும் கால்களிலும் நின்றது. அதன் விளைவைக் கேள்வி 11இல் பாருங்கள்.

4. யூஎஃப்ஓ கிளப்னு சொல்றாங்களே, அது என்ன இடம்? அங்க இருந்து ரெக்கார்டு கம்பெனி வரைக்கும் எப்படிப் போனார்?

லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில், ஒரு ஐரிஷ் நடனக் கூடத்தை வாடகைக்கு எடுத்து 1966 டிசம்பரில் ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும் தொடங்கிய இரவு கிளப். பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழு வளர்ந்ததும் இங்கேதான். சுவரெங்கும் வண்ணத் திரவ ஒளிக்காட்சி ஓடும். விடியும்வரை இசை. என்ன வேடம் போட்டாலும் அங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதால் பிரவுனுக்கு அது நல்ல களமாக அமைந்தது. 1967 ஏப்ரல் 29 அன்று அலெக்ஸாண்டிரா பேலஸில் நடந்த '14 ஹவர் டெக்னிகலர் ட்ரீம்' இரவுக் கொண்டாட்டத்திலும் அவர் பாடினார்.

'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்ட் அவரைப் பார்த்துவிட்டுத் தங்கள் மேலாளர்களான கிட் லாம்பர்ட், கிறிஸ் ஸ்டாம்ப் இருவரிடமும் பரிந்துரைத்தார். அவர்கள் நடத்திய டிராக் ரெக்கார்ட்ஸில்தான் ஹெண்ட்ரிக்ஸும் இருந்தார். 1967இல் வந்த முதல் சிங்கிளான 'டெவில்ஸ் கிரிப்' ஓடவில்லை. அடுத்த ஆண்டு வந்தது 'ஃபயர்'.

5. தலையில நெஜமாவே தீ வெச்சாரா, இல்ல கேமரா வேலையா?

உண்மையான தீதான். தலையில் நெருப்பைச் சுமக்கும் யோசனை பாரிஸில் அவர் அணிந்து ஆடிய மெழுகுவர்த்தி மகுடத்திலிருந்து வளர்ந்தது. 1967 விண்ட்சர் ஜாஸ் விழாவில் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்துத் தலையில் வைத்து, மெத்தனால் என்ற எரியும் திரவத்தில் ஊறவைத்து ஏற்றினார்கள். பிறகு உலோகக் கவசம் வந்தது. எரிவது கவசத்தின் மேல்பகுதி மட்டும். பாடகரின் மண்டைக்கும் தீக்கும் நடுவே உலோகமும் இடைவெளியும் இருக்கும்.

தீயின் சூடு மேல்நோக்கிப் போகும் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. நேராக நிற்கும்வரை தலைக்கு மேலே எரியும் தீ கீழே இருப்பவரை உடனே சுடாது. ஆனால் உலோகம் மெல்லச் சூடேறிக்கொண்டே இருக்கும். ஆகவே எரிபொருள் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், அது தீரும் நேரமும் பாடலின் தொடக்கத்தோடு முடிந்துவிட வேண்டும்.

6. அப்போ விபத்தே நடக்கலையா?

நடந்தது, ஒருமுறைக்கு மேல். மேலே சொன்ன விண்ட்சர் நிகழ்ச்சியிலேயே மெத்தனால் தலையில் வழிந்து தீப்பிடித்தது. அருகில் நின்ற இருவர் கையிலிருந்த பியரை அவர் தலையில் ஊற்றி அணைத்தார்கள். பெரிய காயமில்லாமல் தப்பினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2007 ஆகஸ்டில் சசெக்ஸின் லூயிஸ் ஊரில் நடந்த கச்சேரியிலும் முடியில் தீப்பிடித்தது. அணைக்கப் போன குழு உறுப்பினர்மீதும் தீ பற்றியது. அணைத்த பிறகு பிரவுன் தொடர்ந்து பாடினார்.

ஏன் தவறுகிறது என்பது முக்கியம். வடிதட்டில் துளைகள் இருக்கின்றன. ஊறவைத்த திரவம் கீழே சொட்டும். கிண்ணமாக இருந்தாலும் ஆடுகிறவர் சட்டென்று நின்றால் உள்ளே இருக்கும் திரவம் நிற்காது, விளிம்பைத் தாண்டும். திறந்தவெளியில் காற்று தீயை முகத்தின் பக்கம் சாய்க்கும். இவற்றைவிட ஆபத்தான விஷயம், மெத்தனால் தீ வெளிர்நீலமாக எரிவது. மேடை வெளிச்சத்தில் அது கண்ணுக்கே தெரியாமல் போகலாம், எரிகிறது என்பது மற்றவர்களுக்குத் தாமதமாகத்தான் புரியும்.

பியர் அன்று காப்பாற்றியதற்கும் காரணம் உண்டு. மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும். கலந்தால் வீரியம் குறையும், சூடும் தணியும். பெட்ரோலாக இருந்திருந்தால் நீரின்மேல் மிதந்து தீ இன்னும் பரவியிருக்கும். மெத்தனால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சும்கூட. யாரும் இதை முயன்று பார்க்க வேண்டாம். கல்லூரி விழாவில் செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில்.

7. ஃபயர் பாட்டோட சிறப்பு என்ன? கத்துறதைத் தவிர வேற என்ன இருக்கு?

தொடக்கத்தில் இசை இல்லாமல், தன்னை நரக நெருப்பின் கடவுள் என்று அறிவிக்கும் ஒற்றை வாக்கியம். உடனே ஆர்கன் பாய்கிறது. பாட்டு மூன்று நிமிடத்துக்குக் கீழ். ஆர்கன் ஒரே துள்ளல் வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன்மேல் குரல் பேச்சு, பாட்டு, உறுமல், கீச்சுக் குரல் என்று தாவுகிறது. நடுவில் வேகம் தணிந்து ஒரு கணம் சோகம் எட்டிப் பார்க்கும். அந்தத் தணிவு இல்லாமல் முழுக்க அலறலாக இருந்திருந்தால் பாட்டு ஒரு மாதத்தில் மறந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

பின்னணியில் வரும் பித்தளை வாத்தியங்கள் முதலில் திட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் வெளியிட்ட அட்லாண்டிக் நிறுவனம், டிரம்ஸ் தாளம் சற்றுப் பிசகுகிறது என்று குறை சொன்னது. அதை மறைக்கத் தயாரிப்பாளர் கிட் லாம்பர்ட் பித்தளை, தந்தி வாத்தியங்களை மேலே பதிவு செய்யச் சொன்னார். இசைக்கோவை எழுதியவர் கிரேன். குறையை மூட வந்த அந்த முழக்கமே பாட்டின் கம்பீரமாகிவிட்டது.

8. எழுதினவங்கன்னு நாலு பேர் போட்டிருக்கே. மத்த ரெண்டு பேர் யாரு?

பிரவுன், கிரேன், மைக் ஃபைன்சில்வர், பீட்டர் கெர். பின்னவர் இருவரும் குழுவில் இல்லை. அவர்கள் எழுதிய வேறொரு பாடலின் மெட்டோடு 'ஃபயர்' ஒத்துப்போகிறது என்று உரிமை கோரியதால் அவர்கள் பெயரும் சேர்ந்தது. பெயர் சேர்ந்தால் ராயல்டியும் பங்காகும். அதனால் உலகமெங்கும் ஓடிய பாட்டின் வருமானம் நான்காகப் பிரிந்தது.

ஃபைன்சில்வரும் கெரும் பிறகு லண்டனில் பாத்வே என்ற சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார்கள். எல்விஸ் காஸ்டெல்லோவின் முதல் ஆல்பம் அங்கேதான் பதிவானது.

9. எவ்வளவு பெரிய ஹிட்? சும்மா ஊதிப் பெருக்கறாங்களா?

இல்லை. 1968 ஆகஸ்டில் பிரிட்டனில் ஒரு வாரம் முதலிடம். கனடாவிலும் முதலிடம். அமெரிக்காவில் அக்டோபரில் இரண்டாம் இடம். மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தது பீட்டில்ஸின் 'ஹே ஜூட்'. பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தங்கத் தட்டு வாங்கியது. ஆல்பமும் பிரிட்டனில் இரண்டாம் இடம், அமெரிக்காவில் ஏழாம் இடம் வரை போனது.

10. ஆல்பத்தோட முதல் பக்கம் ஒரு கதை மாதிரி போகுது, ரெண்டாவது பக்கம் சம்பந்தமே இல்லாம இருக்கே. ஏன்? எந்தப் பதிப்பு வாங்கணும்?

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. பிரவுன் ஆல்பம் முழுவதையும் நெருப்பைச் சுற்றிய ஒரே படைப்பாகச் செய்ய விரும்பினார். லாம்பர்ட் ஒத்துக்கொள்ளவில்லை, மேடையில் ஏற்கெனவே எடுபட்ட பாடல்களும் வேண்டும் என்றார். அதனால் முதல் பக்கத்தில் 'நைட்மேர்', 'ஃபயர் போயம்', 'ஃபயர்', 'கம் அண்ட் பை', 'டைம்/கன்ஃப்யூஷன்' என்று ஒன்றோடொன்று பிணைந்த ஓட்டம். இரண்டாம் பக்கத்தில் ஸ்கிரீமின் ஜே ஹாக்கின்ஸின் 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ', ஜேம்ஸ் பிரவுனின் 'ஐ'வ் காட் மணி' போன்ற தனித்தனிப் பாடல்கள். தயாரிப்பு லாம்பர்ட், துணைத் தயாரிப்பு டவுன்ஷெண்ட்.

பழைய எல்.பி. கிடைத்தால் முதல் பக்கத்தை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். சிடி வாங்குவதாக இருந்தால், முதல் பக்கப் பாடல்களின் மோனோ (ஒற்றைத் தட ஒலி) வடிவங்களும் சேர்ந்த பதிப்பைத் தேடுங்கள். கேள்வி 7இல் சொன்ன பித்தளை, தந்தி வாத்திய மேற்பூச்சு குறைவாக இருப்பதால் ஆர்கனும் டிரம்ஸும் மட்டும் மோதிக்கொள்ளும் அசல் குழுவின் சத்தம் அதில் தெரியும். ஸ்டீரியோ பகட்டு, மோனோவில் உக்கிரம் அதிகம். 'ஃபயர்' சிங்கிளை இணையத்தில் வாங்கும்போது கவனம்: பிற்காலத்தில் அவரே மறுபடி பாடிய வடிவங்களும் அதே பெயரில் கிடைக்கின்றன. 1968 என்ற ஆண்டும் டிராக், பாலிடார், அட்லாண்டிக் ஆகிய நிறுவனப் பெயர்களில் ஒன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

11. இவ்வளவு பெரிய வெற்றிக்கு அப்புறம் ஏன் ஒரே வருஷத்துல குழு உடைஞ்சது?

முதல் காரணம் அமெரிக்கச் சுற்றுப்பயணம். ஒரு பாட்டு ஓடியதும் ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போனார்கள். கிரேனுக்கு மனநோய் இருந்தது. பயணத்தின்போது நிலைகுலைந்து சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. இசை முழுவதும் அவர் கையில்தான் இருந்தது என்று கேள்வி 3இல் பார்த்தோம். கிடார் குழுவில் ஒருவர் விலகினால் இன்னொருவரை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே அப்படி முடியவில்லை. தீக்கரும் விலகினார்.

கிரேன் திரும்பி வந்தார், ஆனால் பழைய ஒட்டுதல் திரும்பவில்லை. 1969 ஜூனில் கிரேனும் புதிய டிரம்மரும் விலகி 'அட்டாமிக் ரூஸ்டர்' குழுவைத் தொடங்கினார்கள். 'ஃபயர்' பாட்டுக்கு இணையான அடுத்த சிங்கிள் எதுவும் அதற்குள் வரவில்லை. அந்தக் காலச் சந்தையில் அந்த இடைவெளி போதும், ஆளை மறந்துவிடுவார்கள்.

12. புதிய டிரம்மர்னா கார்ல் பால்மர்தானே? அப்போ ஃபயர் பாட்டுல வாசிச்சது அவரா?

புதியவர் பால்மர்தான், பாட்டில் வாசித்தவர் அவர் இல்லை. பாட்டில் இருப்பது தீக்கர். ஆல்பத்தின் இரண்டு பாடல்களில் மட்டும் ஜான் மார்ஷல். பால்மர் 1950இல் பிறந்தவர். பதிவு முடிந்த பிறகு பதின்வயதிலேயே பிரவுன் குழுவில் சேர்ந்து, பிறகு அட்டாமிக் ரூஸ்டர், 1970இல் 'எமர்சன், லேக் அண்ட் பால்மர்' என்று போனார். மேடைக் காட்சிகளில் பிரவுனும் பால்மரும் ஒன்றாகத் தெரிவதால் இந்தக் குழப்பம். நட்பு நீடித்தது: 2019இல் பால்மரின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் பிரவுன் விருந்தினராகப் பாடினார்.

13. மேடையில துணியில்லாம ஆடி ஜெயிலுக்குப் போனார்னு சொல்றது நெஜமா?

நெஜம்தான். 1970இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நடந்த பாப் விழாவில் நிர்வாணமாக ஆடியதற்காகக் கைது செய்யப்பட்டு, இத்தாலியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதற்குமேல் சொல்லப்படும் மசாலாக் கதைகளை நம்ப வேண்டியதில்லை.

14. நரகக் கடவுள், சாயம் பூசிய முகம்… இவர் சாத்தான் வழிபாட்டுக்காரரா?

இல்லை. கேள்வி 10இல் சொன்ன முதல் பக்கத்தை வரிசையாகக் கேட்டால் இது தெளிவாகும். ஒருவன் தன் மனதுக்குள் இறங்கிப் போகிறான். பயம், ஆசை, குழப்பம் எல்லாம் அங்கே உருவம் எடுத்துப் பேசுகின்றன. நெருப்பின் கடவுள் அந்த உருவங்களில் ஒன்று. கூத்தில் இரணியன் வேடம் கட்டுகிறவரை நாம் அசுரன் என்று சொல்வதில்லை அல்லவா. தத்துவம் படித்தவர், தியான முறைகளில் ஆர்வம் கொண்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

15. 'கிங்டம் கம்'னு ஒரு எண்பதுகள் ஹார்ட் ராக் குழு இருக்கே. அதுவும் இவரோடதா?

அது வேறு. எண்பதுகளில் லென்னி வுல்ஃப் பாடிய குழுவுக்கும் இவருக்கும் தொடர்பில்லை. பிரவுனின் 'கிங்டம் கம்' 1970இல் உருவாகி மூன்று ஆல்பங்கள் தந்தது: 'கேலக்டிக் ஜூ டாசியர்' (1971), 'கிங்டம் கம்' (1972), 'ஜர்னி' (1973). இணையத்தில் தேடும்போது 'ஆர்தர் பிரவுன்ஸ் கிங்டம் கம்' என்று முழுப் பெயரைப் போடுங்கள். 1971 கிளாஸ்டன்பரி விழாவில் இந்தக் குழு பாடியது, எரியும் சிலுவைகளோடு.

இந்தக் குழுவில் கிடார் உண்டு, வாசித்தவர் ஆண்டி டால்பி. கிரேஸி வேர்ல்டின் ரசிகர்களில் பாதிப்பேர் இந்த மூன்று ஆல்பங்களைத் தொடுவதே இல்லை. பெரிய இழப்பு. பிரவுனின் சிறந்த படைப்பு 'ஃபயர்' அல்ல, 'ஜர்னி' என்பதே எங்கள் முடிவு.

16. ஜர்னி ஆல்பத்துல டிரம்மரே இல்லையாமே? அப்போ தாளம்?

பென்ட்லி ரிதம் ஏஸ் என்ற டிரம் இயந்திரம். ஜப்பானின் ஏஸ் டோன் நிறுவனம் செய்தது, பிரிட்டனில் பென்ட்லி பெயரில் விற்றது. வீட்டு ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாகத்தான் அதை உருவாக்கினார்கள். வால்ட்ஸ், ரம்பா, போசா நோவா என்று தயாராக இருக்கும் தாளங்களுக்கு ஒவ்வொரு பொத்தான். வேகத்துக்கு ஒரு குமிழ். இன்றைய ரிதம் பேட்போல நாமே தாளம் அமைக்க முடியாது. ஆனால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் இரண்டு தாளங்கள் பின்னிப் புதிதாக ஒன்று பிறக்கும். இயந்திரத்தை இயக்கியவர் பிரவுனேதான்.

இதில் சிக்கல் என்ன? மனித டிரம்மர் பாடகர் மூச்சிழுக்கும் இடம் பார்த்து ஒரு நொடி தளர்வார், சரணம் முடியும்போது ஒரு உருட்டு கொடுத்துத் திருப்புவார். இயந்திரம் இரண்டையும் செய்யாது. திருப்பத்தை மற்றவர்கள்தான் காட்ட வேண்டும். பேஸ் வாசித்த ஃபில் ஷட்டும், மெல்லோட்ரான் (பதிவான ஒலிநாடாக்களை இயக்கும் விசைப்பலகை), சிந்தசைசர் இரண்டையும் வாசித்த விக்டர் பெரைனோவும் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். முதல் பாடலான 'டைம் கேப்டிவ்ஸ்' வெறும் இயந்திரத் துடிப்போடு தொடங்கும். ஒவ்வொரு வாத்தியமாக அதன்மேல் ஏறுவதைக் கவனித்துக் கேளுங்கள். பதிவு வேல்ஸின் ராக்ஃபீல்டு கூடத்தில் நடந்தது.

17. ஆனா ஸ்லை ஸ்டோன் 1971லயே டிரம் மெஷின் வெச்சாரே. அப்போ 'ஜர்னி முதல்'னு சொல்றது தப்புதானே?

நல்ல கேள்வி. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனின் 1971 ஆல்பத்தில் இயந்திரம் உண்டு, ஆனால் உண்மையான டிரம்ஸும் கலந்தே வருகிறது. 'ஜர்னி'க்குக் கொடுக்கப்படும் முதலிடம், ஆல்பம் முழுக்கத் தாளத்துக்கு இயந்திரத்தையே நம்பிய ராக் ஆல்பம் என்பதற்கு. 'டிரம் இயந்திரத்தை முதலில் பயன்படுத்தியவர் ஆர்தர் பிரவுன்' என்று யாராவது எழுதினால் அதுதான் தப்பு.

18. அதுக்கப்புறம் காணாமப் போயிட்டாரா?

கிங்டம் கம் கலைந்த பிறகும் வேலை இருந்தது. 1975இல் கென் ரஸ்ஸல் இயக்கிய 'டாமி' படத்தில் பூசாரியாக வருகிறார். மர்லின் மன்ரோ சிலையை வழிபடும் கோயிலில், எரிக் கிளாப்டனோடு 'ஐசைட் டு தி பிளைண்ட்' பாடுகிறார். 1976இல் ஆலன் பார்சன்ஸ் ப்ராஜெக்டின் முதல் ஆல்பத்தில் எட்கர் ஆலன் போ கதையை ஒட்டிய 'தி டெல்-டேல் ஹார்ட்' அவர் பாடியது. 1979இல் ஜெர்மன் மின்னிசைக் கலைஞர் கிளாவுஸ் ஷுல்ட்ஸின் 'டூன்' ஆல்பத்திலும் அவர் குரல் உண்டு. இதற்கிடையே சில காலம் ஆப்பிரிக்காவின் புருண்டியில் வாழ்ந்தார்.

எண்பதுகளில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஃபிராங்க் ஜாப்பா குழுவில் முன்பு டிரம்ஸ் வாசித்த ஜிம்மி கார்ல் பிளாக்கோடு சேர்ந்து வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தார், தச்சு வேலை செய்தார். ஆற்றுப்படுத்தல் துறையில் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஆலோசனைக்கு வந்தவரின் கதையைக் கேட்டு, அவருக்கென்றே அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாடும் முறையைக் கையாண்டார். 1996இல் இங்கிலாந்து திரும்பினார். கிரேன் 1989லேயே காலமாகிவிட்டார்.

19. ஆலிஸ் கூப்பர், கிஸ் எல்லாம் இவரைப் பார்த்துத்தான் காப்பியடிச்சாங்களா?

காப்பி என்பது கடுமையான சொல். சாயம் பூசிய முகம், மேடை நாடகம், திகில், நெருப்பு எல்லாவற்றையும் ஒரே ராக் மேடையில் சேர்த்து, அதை வைத்து முதலிட ஹிட்டும் கொடுத்தவர் பிரவுன். ஆலிஸ் கூப்பர் தன்மீது இருந்த அவருடைய தாக்கத்தை மறைத்ததில்லை. அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒரு படி மேலே போய், 1998இல் தன் 'தி கெமிக்கல் வெட்டிங்' ஆல்பத்தில் வில்லியம் பிளேக்கின் வரிகளை வாசிக்க பிரவுனையே அழைத்தார்.

பிரவுனுக்கும் முன்னோடிகள் உண்டு. ஸ்கிரீமின் ஜே ஹாக்கின்ஸ் ஐம்பதுகளிலேயே சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து பாடினார். இங்கிலாந்தில் ஸ்கிரீமிங் லார்ட் சட்ச் அதே வழியில் போனார். ஹாக்கின்ஸின் பாட்டைத் தன் முதல் ஆல்பத்திலேயே வைத்ததன் மூலம் அந்தக் கடனை பிரவுன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

20. இவர் குரல் நாலு ஆக்டேவ்னு சொல்றாங்க. அது எப்படிக் கேட்டா தெரியும்?

'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ' ஒன்றே போதும். அடிக்குரலில், கிட்டத்தட்ட ஓபரா பாடகரின் உருண்ட குரலில் தொடங்குவார். அங்கிருந்து நடுக் குரலுக்கு ஏறி, கடைசியில் கள்ளக்குரலில் கீச்சிடுவார். கவனிக்க வேண்டியது உயரத்தை அல்ல, மாறும் இடத்தை. பலருக்கு உண்மைக் குரலிலிருந்து கள்ளக்குரலுக்குத் தாவும்போது நடுவில் ஒரு விரிசல் கேட்கும். பிரவுன் அந்த விரிசலை மறைக்க நினைத்தால் மறைத்துவிடுவார், வேண்டுமென்றால் அதையே ஒரு அலறலாக்கிவிடுவார். எழுபதுகளின் ஹெவி மெட்டல் பாடகர்கள் பிறகு எடுத்துக்கொண்ட வித்தை இது.

21. எப்படிச் சொன்னாலும் 'ஒரே ஹிட்' ஆள்தானே?

தரவரிசைக் கணக்குப்படி ஆமாம். ஆனால் அந்த ஒரு பாட்டின் ஆயுளைப் பாருங்கள். தி ஹூ குழு அதைப் பாடி, டவுன்ஷெண்டின் 1989 'தி அயர்ன் மேன்' ஆல்பத்தில் சேர்த்தது. 1992இல் 'தி பிராடிஜி' குழு அதன் தொடக்க அறிவிப்பை வெட்டி எடுத்துத் தன் 'ஃபயர்' சிங்கிளில் பயன்படுத்தியது. நடன அரங்கில் துள்ளிய இளைஞர்களில் பலருக்கு அது யார் குரல் என்றே தெரியாது. அதோடு கேள்வி 17இல் சொன்ன 'ஜர்னி'யின் முதலிடம் எந்தத் தரவரிசையிலும் வராத சாதனை.

22. இப்போ பாடுறாரா? புதுசா கேக்கறவங்க எதுல இருந்து ஆரம்பிக்கலாம்?

2001 முதல் சில ஆண்டுகள் ஹாக்விண்ட் குழுவோடு பாடினார். கிரேஸி வேர்ல்ட் பெயரை மீட்டெடுத்து, ரசிகர்களிடம் இணையத்தில் முன்பணம் திரட்டி 'ஜிம் ஜாம் ஜிம்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 80ஆவது பிறந்த நாளான 2022 ஜூன் 24 அன்று 'லாங் லாங் ரோடு' வெளிவந்தது. குரலின் உச்சம் குறைந்திருக்கிறது, ஆனால் அடிக்குரல் இன்னும் கனத்திருக்கிறது.

கேட்கும் வரிசை: முதலில் 1968 ஆல்பத்தின் முதல் பக்கம், காட்சி பார்க்காமல், ஹெட்ஃபோனில். பிறகு 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ'. அடுத்து நேராக 'ஜர்னி'. அது பிடித்துப்போனால் 'கேலக்டிக் ஜூ டாசியர்'. அது கரடுமுரடானது, முதலிலேயே எடுத்தால் மிரட்டிவிடும். 1969இல் பதிவாகி 1988இல்தான் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்ச்லேண்ட்ஸ்' ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் கேட்டவர்களுக்கே அதன் கட்டற்ற போக்கு பிடிபடும்.